முன்சீட்டுச் சந்திரவல்லியும் ஆறு புள்ளி எட்டும்

சிலமலைச் சந்திரவல்லி பிறந்தது போடிமெட்டு ரோட்டில், பதினோராவது வளைவில். முதல் அழுகை அழுதது பன்னிரண்டாவது வளைவில். இடையில் ஏன் அழவில்லை என்று கேட்டால், "வழி பாத்துக்கிட்டு வந்தேன்" என்பாள். நம்புகிறவர்கள் நம்பலாம். நம்பாதவர்கள் அவள் எதிரில் மட்டும் நம்பிவிடுவது நல்லது.

இப்போது ஐம்பத்து மூன்று வயது. முப்பத்தோரு வருஷமாக, விடிவதற்கு முன்னால் ஜீப்பேறி, பதினேழு வளைவும் கடந்து, கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஏலத்தோட்டத்தில் காய் எடுத்துவிட்டு, பொழுது சாய இறங்குகிறவள். ஏலச்செடி ஆளுயரத்துக்கு மேல் வளரும். காயை மட்டும் தூரோரம் தரையில் சரம் விட்டு ஒளித்து வைத்திருக்கும். குனிந்துதான் எடுக்க வேண்டும். பிஞ்சை விட்டுவிட்டு, பழுத்து வெடிக்கப் போவதற்கு ஒரு நாள் முன்னால் இருக்கிற காயாகப் பார்த்து எடுக்க வேண்டும். மற்றப் பெண்கள் கண்ணால் பார்த்து எடுப்பார்கள். சந்திரவல்லி விரல் வைத்தால் காய் தானாக வந்து உள்ளங்கையில் உட்காரும் என்று தோட்டத்தில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டது யார் என்பது ஊருக்கே தெரியும்.

தோட்டம் முழுக்க ஒரு தடவை காய் எடுத்து முடிப்பதைச் சுற்று என்பார்கள். ஒரு சுற்று ஏறக்குறைய ஒரு மாதம் ஓடும். அவர்கள் ஜீப்பில் ஒரு சட்டம் இருந்தது. சுற்றில் ஒரு நாள்கூடத் தவறாமல் வருகிறவளுக்கு டிரைவர் பக்கத்து முன்சீட்டு. தவறினால் சீட்டு அடுத்தவளுக்குப் போய்விடும். பின்னால் பதினோரு பேர் முழங்காலோடு முழங்கால் இடித்துக்கொண்டு வரும்போது, முன்சீட்டுக்காரி மட்டும் காலை நீட்டிக்கொண்டு, கண்ணாடி வழியே மலையைப் பார்த்துக்கொண்டு போகலாம். சட்டம் போட்டவள் சந்திரவல்லிதான். அவள் போட்ட நாளிலிருந்து அந்தச் சீட்டில் வேறு யாரும் உட்கார்ந்ததில்லை. மகள் தேவிக்குக் கல்யாணம் பேசியபோது, இரண்டு சுற்றுக்கு நடுவில் முகூர்த்தம் இருந்தால் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வேறு மாப்பிள்ளை பார்க்கிறேன் என்று சம்பந்தி வீட்டுக்கே சொல்லி அனுப்பினாள்.

வரிசையில் இரண்டாவது ஆள் ஆயம்மாள். ஒன்பது வருஷமாக இரண்டாவது. "அக்கா, ஒங்களுக்கு ஒரு காச்சக்கூட வராதா?" என்று மாதம் ஒரு தடவை கேட்பாள்.

"வரும்டி. ஞாயித்துக்கிழமை வந்துட்டு அன்னைக்கே போயிரும்" என்பாள் சந்திரவல்லி.

ஜீப்பை ஓட்டுகிறவன் முத்துப்பாண்டி, சந்திரவல்லியின் புருஷன் காசிமாயனுக்குத் தம்பி. மதினியை ஏற்றிக்கொண்டு போகிற கொழுந்தன் வாயை மூடிக்கொண்டு வண்டி ஓட்ட முடியுமா? இரண்டு பேரும் போடியில் ஆரம்பிக்கிற சண்டை மெட்டுக்கு மேலே செக்போஸ்டில்தான் முடியும்.

கார்த்திகை மாதம் சுற்று முடிய பத்து நாள் இருந்தபோதுதான் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது. ஒரு தொண்டு நிறுவனத்துக்காரர்கள் தோட்டத்துக்கே வந்து, காய் உலர்த்துகிற ஸ்டோர் வாசலில் மேசை போட்டு, எல்லாருக்கும் பிரஷர் பார்த்து, ரத்தம் எடுத்தார்கள். ஜீப்புப் பெண்களில் பத்துப் பேர் கொடுத்தார்கள். கருப்பம்மாளும் இன்னொருத்தியும் மேற்காட்டில் நின்றுவிட்டதால் கொடுக்க முடியவில்லை. மறுநாள் காலையில் போடி லேப்பிலேயே போய்க் கொடுத்துவிடச் சொன்னார்கள். எடுத்த ரத்தத்தை ஒரு பெட்டியில் அடுக்கி, "பத்திரமா லேப்புல சேத்துருங்கண்ணே" என்று முத்துப்பாண்டி கையில் கொடுத்து, பெண்கள் வேலை முடிப்பதற்கு முன்னாலேயே அவனைத் தனியாக இறக்கி அனுப்பினாள் நர்ஸ்.

புதன்கிழமை தோட்டத்தில் மருந்தடிப்பு என்பதால் யாரும் மலையேறவில்லை. மத்தியானம் சூப்பர்வைசர் சேட்டன் போன் அடித்தார். சந்திரவல்லி ஸ்பீக்கரில் போட்டாள்.

"சேச்சி, நிங்கள் பத்துப் பேருக்கும் ரத்தத்தில் பொட்டாசியம் கூடுதல். லேப்புக்காரன் உடனே ஆஸ்பத்திரி போகணும்னு சொல்றான். டாக்டர் லெட்டர் இல்லாமல் நாளைக்கு யாரும் ஜீப்பில் கேறண்டா, ஏறக் கூடாது."

"கூடுதல்னா எம்புட்டுச் சேட்டா?"

"அஞ்சுக்குள்ளே இருக்கணுமாம். சேச்சிக்கு ஆறு புள்ளி எட்டு."

"மத்தவளுகளுக்கு?"

"ஆறு புள்ளி ரெண்டு, ஆறரை, அங்ஙனே."

இதிலும் நான்தான் முதல் என்று சந்திரவல்லிக்கு அரை நொடி ஒரு பெருமை வந்தது. அடுத்த அரை நொடியில் முன்சீட்டு ஞாபகம் வந்தது. நாளைக்கு மலையேறாவிட்டால் சீட்டு போச்சு. பத்துப் பேருமே போகாவிட்டால் சீட்டு கருப்பம்மாளுக்குப் போகும். வரிசையில் பதினோராவது ஆள் அவள். முன்சீட்டில் உட்கார்ந்தால் ரோட்டைப் பார்த்துத் தலைசுற்றி வாந்தி எடுப்பாள்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரிக்குப் பத்துப் பெண்களும் போய்ச் சேர்ந்தபோது, அதற்குள் ஒரு காரணத்தையும் கண்டுபிடித்துக் கொண்டு வந்திருந்தார்கள். போன மாதம் செடிக்குப் பொட்டாஷ் வைத்தார்கள் அல்லவா? கையுறை போடாமல் அள்ளி அள்ளி வைத்ததில், விரல் வழியே ரத்தத்தில் ஏறிவிட்டது.

"செடிக்கு வெச்சா காய் தெரளும். நமக்கு என்னாகும்னு தெரியலையே" என்றாள் ஆயம்மாள். அவள் முகம் வெளிறிக் கிடந்தது.

"நீயும் தெரண்டுதானே இருக்க, என்ன கொறச்சல்" என்றாள் சந்திரவல்லி. பேச்சு துணிச்சலாகத்தான் வந்தது. ஆனால் தன் உள்ளங்கையை ஒரு தடவை திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

டாக்டர் முத்துப்பிரியா சின்ன வயசுக்காரி, சிலமலைக்குப் பக்கத்து ஊர்தான். லேப்பிலிருந்து வாங்கி வந்திருந்த ரிசல்ட் சீட்டுகளைப் பார்த்ததும் அவள் சிரிக்கவில்லை. பொட்டாசியம் இந்த அளவுக்கு ஏறினால் இதயத்துடிப்பு தாறுமாறாகப் போகலாம், சில பேருக்குச் சொல்லாமல் கொள்ளாமல் நின்றும் போகலாம், அதனால் முதலில் இதயத்தைப் பார்த்துவிட்டுத்தான் மற்றப் பேச்சு என்றாள். பத்துப் பேரையும் வரிசையாகப் படுக்கவைத்து நெஞ்சில் வயரை ஒட்டி ஈசிஜி எடுத்தார்கள். பத்து தாளிலும் கோடு ஏலத்தோட்டத்து வேலி மாதிரி சீராக வந்தது. டாக்டர் தாளைப் பார்த்தாள், சீட்டைப் பார்த்தாள், பெஞ்சில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தவர்களைப் பார்த்தாள்.

"யாருக்காச்சும் கைகால் தளர்ச்சி, படபடப்பு?"

"பசி இருக்கு டாக்டரம்மா" என்றாள் ஒருத்தி.

அந்த நேரத்தில் கருப்பம்மாள் தன் லேப் சீட்டோடு உள்ளே வந்தாள். காலையில் லேப்பிலேயே ரத்தம் கொடுத்தவள். அவளுக்கு நாலு புள்ளி இரண்டு. கூடக் கொடுத்தவளுக்கு நாலு புள்ளி நாலு.

சந்திரவல்லி அந்த இரண்டு சீட்டையும் வாங்கி வெகுநேரம் பார்த்தாள். காய் எடுப்பு இல்லாத மாதங்களில் அவள் போடியில் ஒரு ஏலக்காய்க் குடோனில் தரம் பிரிக்கிறவள். முழுக்காய் ஒரு பக்கம், வெடித்த காய் ஒரு பக்கம், நிறம் மங்கியது ஒரு பக்கம். ஒரு மூட்டையில் ஒரு காய் வெடித்திருந்தால் அது காயின் குறை. மூட்டை முழுக்க வெடித்திருந்தால் அது கொண்டுவந்தவன் குறை. இது அந்தக் குடோனில் எல்லாருக்கும் பழகிப்போன சங்கதி.

தோளில் கிடந்த துண்டைப் பெஞ்சில் விரித்தாள். எல்லார் சீட்டையும் வாங்கி அதன்மேல் பரப்பினாள்.

"கருப்பம்மா, நீ பொட்டாஷ் வெச்சியா?"

"ஒங்களோடதானே வெச்சேன். ஒரு மூட்டை கூடவே வெச்சேன்."

"அப்ப பொட்டாஷ் இல்லை." சீட்டுகளை இரண்டு குவியலாகப் பிரித்தாள். "டாக்டரம்மா, இங்க பாருங்க. மலைமேல எடுத்த ரத்தம் பத்தும் கெட்டுக் கெடக்கு. போடியில எடுத்த ரத்தம் ரெண்டும் நல்லாருக்கு. எங்களுக்கும் இவளுகளுக்கும் ஒரே கஞ்சி, ஒரே காடு. நடுவுல இருக்கிறது ஜீப்பு மட்டுந்தான்."

டாக்டர் எழுந்து வந்து துண்டுக்குமுன் நின்றாள். "பத்துப் பேர் ரத்தமும் ஒரே வண்டியில வந்ததா? எனக்கு இது தெரியாதேம்மா. யார் கொண்டாந்தது?"

வாசலில் ஜீப்பில் சாய்ந்துகொண்டிருந்த முத்துப்பாண்டியைச் சந்திரவல்லி உள்ளே வரச் சொன்னாள். அவன் வரும்போதே ஏதோ தப்பு நடந்துவிட்டது என்ற முகத்தோடுதான் வந்தான்.

"ஏ முத்து, ரத்தப்பெட்டியை எங்க வெச்சுக் கொண்டாந்த?"

"பின்னாடி, ஸ்டெப்னி மேல மதினி. அங்கதான் பெட்டி பாந்தமா உக்காந்துச்சு."

"ஸ்டெப்னி மேல. சரி. எப்படி வந்த?"

"எப்பவும் போலத்தான்."

"எப்பவும் போலன்னா?"

"கொஞ்சம் வெரசா. லேப்பு மூடிருவாகளோன்னு."

"அப்புறம்?"

"மலை எறங்குனதும் முந்தல் ஊர்க் கடையில ஒரு டீ. ஒண்ணே ஒண்ணு."

"ஒரு டீக்கு எம்புட்டு நேரம்?"

முத்துப்பாண்டி டாக்டரைப் பார்த்தான். "டீ ஒண்ணுதான். பேச்சு கொஞ்சம் கூடிப்போச்சு. ரெண்டு மணி நேரம் இருக்கும். ஆனா மதினி, நான் கவனமாத்தான் இருந்தேன். கெட்டுப்போகக் கூடாதுன்னு மீன்காரர்ட்ட ஐஸ் வாங்கி டியூப்பைச் சுத்தி அடுக்கி வெச்சேன். ரத்தமும் மீனு மாதிரிதானே."

டாக்டர் முத்துப்பிரியாவுக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. பொட்டாசியத்தில் பெரும்பங்கு ரத்த அணுக்களுக்கு உள்ளேதான் இருக்கும். வெளியே ரத்தநீரில் இருப்பது கொஞ்சம். லேப்பில் அளப்பது அந்தக் கொஞ்சத்தைத்தான். டியூப்பைப் போட்டுக் குலுக்கினால் அணு உடையும். ஐஸில் வைத்து நேரம் கடத்தினாலும் உள்ளே இருப்பது வெளியே கசியும். அளந்து பார்த்தால் நம்பர் ஏறித்தான் நிற்கும்.

"காய் வெடிச்சா ஏலரிசி கொட்டுற மாதிரி" என்றாள் சந்திரவல்லி.

"அதேதான். ஆனா இதை நம்பி நான் லெட்டர் தர முடியாதும்மா. பத்துப் பேரும் இங்கயே புது ரத்தம் குடுக்கணும். அது சொல்றதுதான் கணக்கு."

"எடுங்க. எனக்கு மொதல்ல எடுங்க. நாளைக்கு எனக்கு முன்சீட்டு இருக்கு."

ஆஸ்பத்திரி லேப்பில் ஈஸ்வர் என்ற பையன் ரத்தம் எடுத்தான். கையை மூடி மூடித் திறக்காதீங்க, சும்மா வைங்க என்று ஒவ்வொருத்தியிடமும் சொன்னான். அதனாலும் நம்பர் கூடுமாம். டியூப்புகளை முட்டை மாதிரி ஏந்திக்கொண்டு பத்தடி தூரம் நடந்து மெஷினுக்குப் போனான். பின்னாலேயே முத்துப்பாண்டியும் நடந்தான், பிராயச்சித்தம் மாதிரி.

ஒரு மணி நேரம் பெஞ்சு பூராவும் சந்திரவல்லியின் அரசாங்கம்தான். டாக்டருக்கே தெரியாததைத் துண்டு விரித்துக் கண்டுபிடித்த கதையை, பக்கத்தில் பல்வலியோடு உட்கார்ந்திருந்த ஒருவருக்கு மூன்று தடவை சொன்னாள். மூன்றாவது தடவை சொல்லும்போது டாக்டர் எழுந்து நின்று அவளைக் கும்பிட்டிருந்தாள். பல்வலிக்காரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

பிறகு சீட்டுகள் வந்தன. ஆயம்மாளுக்கு நாலு புள்ளி ஒன்று. அடுத்தவளுக்கு நாலு புள்ளி மூன்று. ஒவ்வொரு பெயராக டாக்டர் வாசித்துத் துண்டில் போடப் போட, ஒவ்வொருத்தியாக முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பத் தயாரானார்கள். ஒன்பது பேரும் தேறிவிட்டார்கள்.

"சந்திரவல்லி. அஞ்சு புள்ளி ஒன்பது."

கிளம்ப எழுந்தவர்கள் மறுபடியும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"மெஷினு தப்பு" என்றாள் சந்திரவல்லி.

"ஒன்பது பேருக்குச் சரியாச் சொன்ன மெஷினும்மா."

"அப்ப நான் வர்ற வழியில ஆட்டோல வந்தேன். பள்ளத்துல விட்டுத் தூக்கிட்டான். அதுல உள்ளயே ஆடிப்போச்சு."

டாக்டர் நாற்காலியை இழுத்து அவள் எதிரே போட்டு உட்கார்ந்தாள். "மூட்டையில போட்டுக் குலுக்கினா காய் வெடிக்கும். செடியில இருக்கிற காய் காத்துல ஆடினா வெடிக்குமா?"

சந்திரவல்லி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அந்தக் கேள்விக்கு முப்பத்தோரு வருஷ அனுபவத்திலும் ஒரு பதில்தான் இருந்தது. "வெடிக்காது" என்றாள்.

"ஆறு புள்ளி எட்டுல கொஞ்சம் ஜீப்போட வேலை. மிச்சம் உங்களோடது. இது ரொம்ப ஆபத்தான எடத்துல இல்லை, ஈசிஜியும் நல்லாருக்கு. ஆனா விட்டா ஏறும். பிரஷருக்கு என்ன மாத்திரை?"

சுருக்குப்பையிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டினாள். இரண்டு வருஷமாக அதே மாத்திரை. டாக்டர் தலையாட்டினாள். இந்த வகை மாத்திரை பிரஷரைக் குறைக்கும், கூடவே பொட்டாசியத்தை வெளியே விடாமல் கொஞ்சம் பிடித்தும் வைக்கும்; சும்மா இருக்கிறவர்களுக்கு ஒன்றும் ஆகாது, மேலே மேலே பொட்டாசியம் சேர்க்கிறவர்களுக்குத்தான் தொல்லை என்றாள்.

"இதுல வேற என்ன சேக்குறீங்க?"

"நான் ஒண்ணும் சேக்கலையே. என் வீட்டுக்காரர் தோப்புல எளநி வெட்டிக் குடுப்பாரு. சாயங்காலம் ரெண்டு. மலையில சாப்பிட நாலு வாழப்பழம். உப்பைக்கூட கொறச்சுட்டேன். எம் மக தேவி கோயமுத்தூர்ல இருந்து பிரஷர்காரங்களுக்குன்னு தனி உப்பு வாங்கி அனுப்புறா."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். "அந்த உப்பு எவ்வளவு போடுறீங்க?"

"அதுல ஒரைக்கவே மாட்டேங்குது டாக்டரம்மா. சாதாரண உப்பு ஒரு பிடி போடுற எடத்துல, இது ரெண்டு பிடி. மோருக்குக் கூட ஒரு பிடி."

"அந்த உப்புல சோடியத்தைக் குறைச்சுட்டு அதுக்குப் பதிலா என்ன போட்டிருக்கான் தெரியுமா?"

சந்திரவல்லிக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்தில் நின்ற ஆயம்மாளுக்கும் தெரிந்துவிட்டது.

"பொட்டாஷா?" என்றாள் ஆயம்மாள்.

"ஏறக்குறைய அதேதான்."

"அக்கா, நாங்க எல்லாம் செடிக்கு வெச்சோம். நீங்க கொழம்புலயே வெச்சிருக்கீக."

ஒன்பது பேரும் சிரித்தார்கள். பல்வலிக்காரர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சந்திரவல்லி சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, "அதான் நான் மட்டும் தெரண்டு இருக்கேன்" என்றாள். மறுபடியும் சிரித்தார்கள், இந்தத் தடவை அவள் பக்கம் நின்று சிரித்தார்கள்.

டாக்டர் கணக்கு கறாராக இருந்தது. அந்த உப்பு இன்றோடு சரி. இளநீரும் வாழைப்பழமும் சொல்கிறவரை வேண்டாம். மாத்திரை மாறும். தண்ணீரில் கலக்கிக் குடிக்க ஒரு பவுடர். இன்றைக்கு இங்கேயே படுக்கை, நாளைக்கு ஒரு தடவை ரத்தம், சனிக்கிழமை இன்னொரு தடவை. அதுவரை மலை கிடையாது.

"டாக்டரம்மா, ஒரே ஒரு நாள். காலையில போயிட்டுச் சாயங்காலம் வந்து படுத்துக்கிறேன்."

"வளைவுல ஏதாச்சும் ஆச்சுன்னா, உங்களைக் கொண்டாந்து சேக்குறது உங்க கொழுந்தன் வண்டிதான். அவர் முந்தல்ல டீ குடிக்க நிறுத்துவாரு."

முத்துப்பாண்டி கூரையைப் பார்த்தான்.

சந்திரவல்லி பெஞ்சில் விரித்திருந்த துண்டைப் பார்த்தாள். முப்பத்தோரு வருஷத்தில் தரம் பிரிக்கிற வேலையில் அவள் ஒரு தடவைகூடத் தன் வீட்டுக் காய் என்று கெட்ட காயை நல்ல குவியலில் சேர்த்ததில்லை. எழுந்து போய், துண்டில் நல்ல சீட்டுகளோடு கிடந்த தன்னுடைய புதுச் சீட்டை எடுத்துத் தனியாக வைத்தாள். "ஒன்பது பேருக்கு லெட்டர் எழுதுங்க" என்றாள்.

லெட்டர் வந்தது. அதை வாங்கி, மடித்து, ஆயம்மாளிடம் நீட்டினாள்.

"நாளைக்கு நீ முன்னாடி ஏறிக்க. கால நீட்டி உக்காரு. கூச்சப்படாத."

ஒன்பது வருஷம் காத்திருந்த ஆயம்மாள் அந்தத் தாளைச் சட்டென்று வாங்கவில்லை. "நீங்க வந்ததும் மாறிக்கலாம்க்கா. மூணு நாளுதானே."

"சட்டம்னா சட்டந்தான். இந்தச் சுத்து முடியிற வரைக்கும் ஒன்னோடது. அடுத்த சுத்துல நீ ஒரு நாள் தவறு, நான் வாங்கிக்கிறேன்."

"நான் தவற மாட்டேன்."

"பாப்போம்."

வியாழக்கிழமை ஐந்து புள்ளி நாலு. சனிக்கிழமை நாலு புள்ளி எட்டு. அந்த நம்பரை அவள் காசிமாயனுக்கு போனில் சொன்னபோது, அவர் தோப்பில் இளநீர் வெட்டிக்கொண்டிருந்தார். பழக்கத்தில் இரண்டை எடுத்து வைத்துவிட்டு, பிறகு ஞாபகம் வந்து இரண்டையும் தானே குடித்தார். வீட்டில் மிச்சமிருந்த ஐந்து பாக்கெட் உப்பையும் சந்திரவல்லி தேவிக்கே பார்சல் கட்டி அனுப்பினாள். கூடவே போனில் நாலு வார்த்தை: "பிரஷர் மாத்திரை சாப்புடறவுக டாக்டர்ட்டக் கேக்காம இதைத் தொடக்கூடாதாம். ஒன் மாமியாருக்கும் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லாத, டாக்டர் சொன்னாருன்னு சொல்லு."

திங்கட்கிழமை விடியக்காலை ஜீப்பு சிலமலையில் வந்து நின்றது. முன்சீட்டில் ஆயம்மாள் இருந்தாள், புதுச்சேலை கட்டி. சந்திரவல்லி அவளுக்கு ஒரு தலையாட்டு ஆட்டிவிட்டு, பின்பக்கம் போய் ஏறினாள். ஒரே ஒரு இடம்தான் இருந்தது: ஸ்டெப்னியை ஒட்டின மூலை.

முதல் வளைவில் அவள் தலை மேல் கம்பியில் இடித்தது. நாலாவது வளைவில் கருப்பம்மாள் மடிமேல் விழுந்தாள். ஒன்பதாவது வளைவு தாண்டும்போது, தன் ரத்தம் இந்த மூலையில் உட்கார்ந்து என்ன பாடு பட்டிருக்கும் என்று அவளுக்கு முழுசாக விளங்கிவிட்டது.

"ஏ முத்து."

"என்ன மதினி?"

"அடுத்த தடவை ரத்தம் எடுத்தா பெட்டி பின்னாடி வரக் கூடாது. முன்சீட்டுக்காரி மடியில வெச்சு, ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு, நேரா லேப்புல எறங்கணும். ஐஸ் கிடையாது. முந்தல்ல டீ கிடையாது. இதையும் சட்டத்துல சேத்துக்க."

முன்னாலிருந்து ஆயம்மாள் திரும்பிப் பார்த்தாள். "அம்புட்டு நேரம் ஆடாம அசையாம நானா பிடிக்கிறது?"

"ஒனக்கு எதுக்குடி கவலை" என்றாள் சந்திரவல்லி, பதினோராவது வளைவு வருவதைப் பார்த்து ஸ்டெப்னியை இறுக்கிப் பிடித்துக்கொண்டே. "அடுத்த முகாம் பங்குனியிலதான். அதுக்குள்ள அந்தச் சீட்டு எங்கிட்ட வந்துரும்."